நெருப்பு காற்றையும் எரிக்கும்



கரிசல் காட்டு விவசாயிக்குத் தழைச்சத்து என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. இளையரசனேந்தல் சுற்றுவட்டாரத்தில் மானாவாரி நிலத்தில் உளுந்தும் பாசியும் விதைக்கிறவர்கள், அடுத்த பருவத்தில் அந்த நிலம் தெம்பாயிருக்கும் என்பதைத் தந்தையரிடமிருந்தே கேட்டறிந்தவர்கள். உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரிலே சிறு சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றிச் செடிக்கு ஊட்டுகின்றன. மூட்டை மூட்டையாக நாம் வாங்கும் யூரியாவும் அதே நைட்ரஜனை ஆலையில் கட்டிப்போட்டதுதான்.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜன். பிராணவாயுவோ இருபத்தொரு பங்கே. உள்ளே சென்ற நைட்ரஜன் சென்றபடியே வெளியே வந்துவிடுகிறது. நம்மை ஒன்றும் செய்வதில்லை. அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதே இதற்குக் காரணம். பிராணவாயுவோடு பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் அதனோடு கலந்து கொள்வதில்லை. அப்படிக் கலந்து விடுவதாயிருந்தால், அடுப்பில் தீ மூட்டிய அன்றே வானமண்டலம் முழுவதும் நச்சாகியிருக்கும். படைத்தவர் அறிந்துதான் அதை இவ்வளவு சாதுவாக வைத்திருக்கிறார் என்று நாம் எண்ணிக் கொள்வதுண்டு.

ஆயினும் மிகப்பெரிய வெப்பத்தின் முன்னே அந்தப் பிணைப்பும் அறுந்துபோகும். மின்னல் பாயும் வழியில் காற்று கொதிக்கிறது; அங்கே நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு பிறக்கிறது. அது மழைநீரில் கரைந்து மண்ணில் இறங்கும்போது உரமாகிறது. இடி மின்னலோடு பெய்கிற மழைக்குப் பயிர் பச்சைப் பிடிக்கும் என்று முதியவர்கள் சொல்வதில் ஓர் உண்மை உண்டு. உலகெங்கும் மின்னல் இவ்வாறு கட்டிப்போடும் நைட்ரஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் டன் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. மனிதன் மூட்டும் நெருப்பு அதைப்போலப் பன்மடங்கைக் காற்றில் விடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகை என்றவுடன், எரிபொருளில் உள்ள அழுக்கே புகையாக வருகிறது என்று நாம் நினைக்கிறோம். விறகு ஈரமாயிருந்தால் புகையும். மண்ணெண்ணெயில் கலப்படம் இருந்தால் கரி படியும். ஆனால் நைட்ரஜன் ஆக்ஸைடுகளின் கதை வேறு. எவ்வளவு தூய எரிபொருளை எரித்தாலும், வெப்பம் ஆயிரத்து ஐந்நூறு பாகையை நெருங்கிக் கடந்தால், நெருப்பு தன்னைச் சூழ்ந்த காற்றையே எரிக்கத் தொடங்குகிறது. 1940-களில் செல்டோவிச் என்ற சோவியத் அறிஞர் இதன் வழிமுறையைக் கணக்கிட்டுக் காட்டினார். புகை தெரியாமல், கரி படியாமல், நன்றாக எரிகிற நெருப்பிலும் இந்த வாயு பிறக்கும். நிலக்கரியிலோ, காற்றிலிருந்து வருவது போதாதென்று, கரிக்குள்ளேயே இருக்கும் சிறிதளவு நைட்ரஜனும் சேர்ந்து எரிகிறது.

பிறக்கும்போது நைட்ரிக் ஆக்ஸைடுக்கு நிறமில்லை. காற்றிலே சற்று நேரம் உலவியபின் இன்னும் ஒரு பங்குப் பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு நைட்ரஜன் டை ஆக்ஸைடு ஆகிறது. இதற்கு நிறம் உண்டு: செம்பழுப்பு. திரளாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். மூக்கைச் சுருக்கென்று தாக்கும்.

நம் வாசகர் சிலர் இதைத் தம் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். நம் பகுதியில் கிணறு வெட்டும்போது, கரிசலையும் சுக்கானையும் தாண்டிப் பாறை தட்டியதும் வெடி வைக்கிறார்கள். வெடி வெடித்த பின் கிணற்றுக்குள்ளிருந்து எழும் புகை சில வேளைகளில் வெண்மையாக இராமல், செங்கல் பொடியைத் தூவியதுபோல் செம்பழுப்பாக இருக்கும். வெடிமருந்தில் உள்ள நைட்ரேட் உப்பு சரிவர வெடிக்காதபோது இவ்வாறு நேரும். மருந்து ஈரமானாலும் கலவை பிசகினாலும் நேரும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே கிணற்றின் அடியிலே தங்கி நிற்கும்.

இதைச் சற்று விரித்தே எழுத விரும்புகிறோம். ஏனெனில் இது உயிரைப் பற்றியது. இந்த வாயு தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. எளிதில் கரையும் நச்சு வாயு மூக்கிலும் தொண்டையிலுமே எரிச்சல் மூட்டி, "ஓடு" என்று மனிதனை விரட்டிவிடும். இதுவோ அங்கெல்லாம் அதிகம் தங்காமல் நுரையீரலின் அடிவரை சென்று, அங்கேயுள்ள ஈரத்தில் மெல்லக் கரைந்து, அமிலமாகிறது. ஆகையால், புகையடங்கும் முன் கிணற்றில் இறங்கிய ஆள் சற்று இருமிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, "ஒண்ணுமில்லை" என்று வேலையைத் தொடர்வார். மாலையில் வீட்டுக்கும் போய்விடுவார். பல மணி நேரம் கழித்து, நள்ளிரவிலோ மறுநாளோ, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அப்போது சாராயத்தின் மேலோ நெஞ்சு வலியின் மேலோ பழி போடுவார்கள். எனவே கிணற்று வேலைக்குப் போகும் ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டார் இதை நினைவில் வைக்க வேண்டும்: செம்பழுப்புப் புகை முற்றும் விலகி, கிணற்றுக்குள் காற்று நன்றாக ஓடிய பிறகே இறங்க வேண்டும். தெரியாமல் சுவாசித்துவிட்டால், உடம்பு நன்றாயிருப்பதாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் சென்று, வெடிப்புகை குடித்ததை மருத்துவரிடம் சொல்லி, ஓரிரவு கண்காணிப்பில் இருப்பதே நலம். வேலை கொடுத்தவர் அந்த நாள் கூலியைப் பிடிக்காமலிருப்பது அவர் கடமை.

கிணற்றில் ஒரே வீச்சில் நிகழ்வது, நாட்டின் காற்றிலே சிறுகச் சிறுக நாள்தோறும் நிகழ்கிறது. நமக்குத் தென்கிழக்கே தூத்துக்குடிக் கடற்கரையில் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. 1992-க்குள் ஐந்து அலகுகளாகி 1050 மெகாவாட் திறன் பெற்றது. 2015-இல் அதே ஊரில் 1000 மெகாவாட் திறனுள்ள மற்றொரு நிலையமும் எழுந்தது. அந்த மின்சாரம் நம் வீட்டு விளக்கிலும், தீப்பெட்டி ஆபீசு எந்திரத்திலும், தோட்டத்து மோட்டாரிலும் ஓடியிருக்கிறது. அதைக் குறைகூறி எழுதுவது நம் நோக்கமன்று. ஆனால் நாட்டிலுள்ள அனல்மின் நிலையங்களின் புகைபோக்கி வழியே வரும் நைட்ரஜன் ஆக்ஸைடுக்கு 2015 டிசம்பர் வரை எந்த வரம்பும் விதிக்கப்படவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த மாதம் மத்திய அரசு விதித்த அளவு இது: 2003 முடிவுக்குள் நிறுவிய அலகுகளுக்குக் கனமீட்டருக்கு 600 மில்லிகிராம், அதன்பின் 2016 வரை நிறுவியவற்றுக்கு 300, 2017 முதல் வருபவற்றுக்கு 100. இரண்டே ஆண்டில் நிறைவேற்ற வேண்டும் என்றார்கள். ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டன, 2020-இல் அந்த 300-ஐயும் 450 ஆக உயர்த்திவிட்டார்கள். வரம்பை எட்ட முடியவில்லையென்றால் வரம்பை எட்டுகிற இடத்துக்கு நகர்த்துவது எளிதான வழிதான்.

காற்றில் இந்த வாயு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. 2009-இல் நம் நாடு வகுத்த தரப்படி, ஆண்டுச் சராசரியாகக் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனமும் முன்பு அதே 40-ஐத்தான் சொல்லிவந்தது. 2021-இல், சேர்ந்துள்ள ஆய்வுகளையெல்லாம் பார்த்தபின், அதை 10 ஆகக் குறைத்துவிட்டது. குழந்தைகளின் இழுப்பு நோய்க்கும் இந்த வாயுவுக்கும் உள்ள தொடர்பு அவ்வாய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டது.

"அதெல்லாம் பட்டணத்துச் சங்கதி, நம் ஊரில் புகைபோக்கி ஏது, வண்டி நெரிசல் ஏது?" என்று நம்மிடம் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லுகிறோம்.

1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒரு மூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. போர்க்காலமாகையால் ஜப்பானியர் நச்சு வாயு வீசிவிட்டனர் என்றுகூடச் சிலர் அஞ்சினர். ஒரு தொழிற்சாலையை மூடியும் மூட்டம் போகவில்லை. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு நாட்டு அறிஞர் அந்நகரக் காற்றையும் அதே முறையில் ஆராய்ந்து, 1950-களின் தொடக்கத்தில் உண்மையைக் கண்டார். வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடும், எரியாமல் வெளிவரும் எண்ணெய் ஆவியும், வெயிலும் மூன்றும் கூடும்போது ஓசோன் பிறக்கிறது. உயர வானத்தில் இருந்து நம்மைக் காக்கும் அதே ஓசோன் தரையில் இருந்தால் நுரையீரலையும் இலையையும் சுடும்.

இதில் வியப்பு என்னவெனில், பட்டணத்து நடுவிலே ஓசோன் சேர்வது குறைவு. அங்கே புதிதாகப் புறப்படும் நைட்ரிக் ஆக்ஸைடே ஓசோனைத் தின்றுவிடுகிறது. காற்று அந்தக் கலவையைச் சுமந்துகொண்டு ஊர் எல்லையைத் தாண்டிப் போகப் போக, உச்சி வெயிலில் ஓசோன் பெருகுகிறது. ஆகவே வண்டியோட்டியவன் தெருவைவிட, வண்டியே இல்லாதவன் காட்டில் அது மிகுதியாக இருக்கக்கூடும். வெயிலுக்கு நம் நாட்டில் பஞ்சமுமில்லை.

ஓசோன் இலையின் மூச்சுத்துளை வழியே உள்ளே புகுகிறது. இலையின் மேற்புறத்தில் ஊசி குத்தினாற்போல் வெளிறிய அல்லது பழுப்பு நிறப் புள்ளிகள் காணும்; ஏதோ நோய் என்று எண்ணத் தோன்றும். பல சமயம் புள்ளியும் காணாது. இலை காலத்துக்கு முன் பழுத்து உதிரும், மணி சிறுக்கும், அவ்வளவே. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் தலைமையில் நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வொன்று, 2005-ஆம் ஆண்டில் மட்டும் ஓசோனால் நம் நாடு இழந்த கோதுமையை 35 இலட்சம் டன் எனவும், நெல்லரிசியை 21 இலட்சம் டன் எனவும் கணக்கிட்டது. ஏறத்தாழ 9 கோடியே 40 இலட்சம் ஏழைகளுக்கு ஓராண்டுக்குப் போதுமான தானியம் அது என்றும் கூறியது. மழை பொய்த்தால் நாம் திருப்பலியில் மன்றாடுகிறோம். பூச்சி விழுந்தால் மருந்தடிக்கிறோம். இந்த இழப்புக்கோ யாரிடம் முறையிடுவதென்று தெரியாது. இழந்தோம் என்பதே தெரியாது.

வீட்டுக்குள்ளும் ஒரு வார்த்தை. எரிவாயு அடுப்பின் நீலச் சுடரிலும் இந்த வாயு சிறிது உண்டாகும். அதைக் கேட்டு யாரும் விறகடுப்புக்குத் திரும்ப வேண்டாம். விறகுப் புகையின் கேடு அதைவிடப் பெரிது. சமைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். கைக்குழந்தையை அடுப்படியில் உறங்க வைக்காதீர்கள். அதுபோதும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கேள்விக்கு வருகிறோம். நமது பங்கைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் பூசை முடிந்தபின் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சாமி, புது வண்டிக்கு டீசலோட யூரியாத் தண்ணியும் ஊத்தணும். அத ஊத்தாமலே ஓட்டுறதுக்கு ஒரு சின்னப் பெட்டி மாட்டித் தாராங்க. மொதலாளி மாட்டச் சொல்லுதாரு. இது பாவமா, இல்ல வெறும் ஆர்.டி.ஓ. குத்தமா?"

நல்ல கேள்வி. டீசல் எந்திரம் மிகுந்த வெப்பத்தில், மிகுதியான காற்றோடு எரிப்பதால் நைட்ரஜன் ஆக்ஸைடு அதில் அதிகம். 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து விற்கும் வண்டிகளுக்குப் பி.எஸ். 6 விதி வந்தது. கனரக வண்டி எந்திரங்கள் ஒரு கிலோவாட்-மணி வேலைக்கு 3.5 கிராம் வரை விடலாம் என்றிருந்ததை இது அரை கிராமுக்கும் கீழே இறக்கிவிட்டது. இதற்கு வழி செய்வது அந்த யூரியாத் தண்ணீரே. நூற்றுக்கு முப்பத்திரண்டரைப் பங்கு தூய யூரியாவும் மீதி சுத்திகரித்த நீரும் கொண்ட கரைசல் அது. சூடான புகைக் குழாயில் அது தெளிக்கப்படும்போது அம்மோனியாவாகிறது. உள்ளேயுள்ள வினையூக்கியின் மேல் அந்த அம்மோனியா நைட்ரஜன் ஆக்ஸைடைச் சந்தித்து, பழையபடி சாதுவான நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது. நெருப்பு பிரித்ததை யூரியா திரும்பச் சேர்க்கிறது என்று சொல்லலாம். நூறு லிட்டர் டீசலுக்கு இது ஏறத்தாழ ஐந்து லிட்டர் செலவாகும். தீர்ந்துவிட்டால் எந்திரம் தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் "சின்னப் பெட்டி" செய்வது என்னவென்றால், கரைசல் இருக்கிறது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று எந்திரத்தின் மூளைக்குப் பொய் சொல்லுவது.

இந்தப் பொய் பெரிய இடத்திலும் நடந்தது. வோக்ஸ்வாகன் என்னும் ஜெர்மானிய நிறுவனம், சோதனைச் சாலையில் இருக்கும்போது மட்டும் புகையை அடக்கி, சாலைக்கு வந்ததும் விட்டுவிடும்படி தன் டீசல் கார்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. மேற்கு வர்ஜினியாப் பல்கலைக்கழகத்தின் சிறு ஆய்வுக்குழு ஒன்று, அளவுகோல்களைக் காரின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்சிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிப் பார்த்ததில் கணக்கு உதைத்தது. அக்குழுவில் நம் நாட்டிலிருந்து சென்ற அரவிந்த் திருவேங்கடம் என்பாரும் ஒருவர். 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு குற்றத்தை அறிவித்தபோது, வரம்பைப்போல நாற்பது மடங்கு வரை வாயு வெளிவந்தது தெரிந்தது. உலகெங்கும் 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் அந்தக் கள்ளக் கணக்கு இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ஓட்டுநருக்கு நாம் சொன்ன மறுமொழி: பாவந்தான். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், குடித்துவிட்டோ வேகப் பித்துப் பிடித்தோ சாலையில் பிறர் உயிருக்கு ஊறு தேடுவதை ஐந்தாம் கட்டளையின் கீழே வைத்துப் பேசுகிறது. மோதித்தான் கொல்ல வேண்டும் என்பதில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய லவ்தாத்தோ சீ என்னும் சுற்றுமடலின் 20-ஆம் எண்ணில், போக்குவரத்தாலும் ஆலைப் புகையாலும் வரும் கேட்டையும், அது ஏழைகளை முதலில் தாக்குவதையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டவன் வழியோரம் கண்ணுக்குத் தெரியும்படி கிடந்தான். கோவில்பட்டி நாலுவழிச் சாலையில் நாம் விட்ட புகையால் இழுப்பு வந்த குழந்தை எந்த ஊரில் மூச்சுக்குத் திணறுகிறது என்பது நமக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. தெரியாததனால் அக்குழந்தை நம் அயலார் அல்லாமல் போய்விடவில்லை.

ஆனால் பாவத்தின் பங்கு யாருக்கு எவ்வளவு என்பதிலே நாம் ஓட்டுநரோடு நின்றுவிட மாட்டோம். கடன் தவணையும் சுங்கச் சாவடியும் அவர் முதலாளியை நெருக்குகின்றன. முதலாளி அவரை நெருக்குகிறார். "மாட்ட முடியாது" என்றால் வேலை போகும் என்ற அச்சம் உண்மையானது. கட்டளையிட்டவர் பொறுப்பு கட்டளைக்குப் பணிந்தவர் பொறுப்பிலும் பெரிது. பெட்டியை விற்றுப் பிழைப்பவர் பொறுப்பும் அப்படியே. கால் ரூபாய் குறைவாய்க் கிடைக்கிறதென்று, இந்தச் செலவையெல்லாம் விழுங்கிய வாடகைக்குச் சரக்கேற்றி அனுப்பும் வியாபாரிகள் நம் கோவில்களிலும் முன் வரிசையில் அமர்கிறார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஓட்டுநரை மட்டும் நாம் எதிர்பார்த்திருக்கவில்லை.

வண்டி வைத்திருப்போர் பட்டியலில் நம் நிறுவனங்களும் உண்டு. பிள்ளைகளை ஏற்ற வரும் பள்ளிப் பேருந்துகள் வாசலிலே எந்திரத்தை நிறுத்தாமல் கால்மணி நேரம் உறுமிக்கொண்டு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். புகைக்குழாயின் உயரமும் முதல் வகுப்புப் பிள்ளையின் மூக்கும் ஏறத்தாழ ஒரே மட்டம். திருவிழா நாட்களில் ஒலிபெருக்கிக்கும் விளக்குக்கும் கொண்டுவரும் டீசல் ஜெனரேட்டரை, கம்பி மிச்சமாகுமென்று கோவில் சுவரையொட்டி, கைக்குழந்தையோடு தாய்மார் அமரும் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறார்கள். வருகிற திருவிழாவுக்கு, முப்பது மீட்டர் கூடுதலாகக் கம்பி வாங்கும் செலவைக் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி விழாக் குழுவினரிடம் சொல்லியிருக்கிறோம். ஜெனரேட்டர் இந்த முறை காற்று வீசிப் போகும் பக்கத்தில், மைதானத்தின் கோடியிலே நிற்கும்.